ஹுன்னஸ்கிரிய வீதியோரத்துப் போவிட்டியா

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் விட்டுவிடக் கூடாது. தும்பறை மலைகள் முழுவதும் அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத் திகனைக்குப் பிறகு விக்டோரியா நீர்த்தேக்கம் கிடைக்கும், அதுவும் மோசமில்லை. 1985இல் திறக்கப்பட்ட 122 மீற்றர் உயர அணை மகாவலியை மறித்தபோது பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. இன்றைக்கு அந்தப் பெயரில் இருப்பது மேட்டில் புதிதாகக் கட்டிய ஊர்.

அடுத்து வருவது மெதமஹநுவர. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18 அன்று பிடிபட்டது இந்தப் பகுதியில்தான். பிறப்பில் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கேயே 1832இல் இறந்தான். ஏ-26 வீதி இதையெல்லாம் கடந்து வளைந்து வளைந்து ஏறுகிறது. நடத்துனர் "ஹுன்னஸ்கிரிய, மீமுறே போறவங்க இறங்குங்க" என்று இரண்டு மொழியிலும் கத்தும்போது காதில் லேசான அடைப்பும் காற்றில் குளிரும் வந்திருக்கும்.

இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மீமுறே கிராமத்துக்குப் போகிறவர்கள். முதுகில் பை, கையில் கூடாரச் சுருள். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் இல்லை. நான் பார்க்க வந்தது வீதியோரத்துச் செடி. அகலப்படுத்துவதற்காக வெட்டிய சிவப்பு மண்சுவர்களில், கெக்கில்ல என்று சிங்களத்தில் சொல்லும் பன்னத்தோடு பின்னிக்கொண்டு, ஆள் இடுப்பளவுக்குப் புதராக நிற்கும். ஊதாவும் ரோஸும் கலந்த பூ. சிங்களத்தில் போவிட்டியா. இங்குள்ள தோட்டத் தமிழர்களும் அப்படியே சொல்கிறார்கள். தாவரவியலில் ஒஸ்பெக்கியா என்ற பேரினம்.

இந்தத் தேடலுக்கு என்னைத் தூண்டியது உண்மையில் வேறொரு பூ. மலைநாட்டு வீட்டு முற்றங்களில் தொட்டியில் வளர்க்கும் ஃப்ளொக்ஸ். அந்தக் குடும்பத்தின் தாயகம் பெரும்பாலும் அமெரிக்கா. அங்கே மேற்கு மலைகளில் நடக்கிறவர்கள் அதன் காட்டு உறவுகளை எண்ணியே அடையாளம் காண்கிறார்கள்: ஒட்டிய இதழ் ஐந்து, கேசரம் ஐந்து, நடுவில் சூல்முடி மூன்றாகப் பிரிந்திருக்கும். இந்த மூன்றும் பொருந்தினால் குடும்பம் தெரிந்துவிட்டது; பிறகு இலையைப் பார்த்துப் பேரினத்துக்கு இறங்கலாம். இமயத்தின் உயரங்களில் அந்தக் குடும்பத்துப் பொலிமோனியம் பூக்கிறது. இலங்கையில் காட்டுச் செடியாக ஒன்றுகூட இல்லை. ஆனால் எண்ணிப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரலாம் என்று தோன்றியது. கொண்டுவந்து வைத்துப் பார்க்கத் தோதான செடி போவிட்டியா. காரணம், இந்தப் பெயரில் இங்கே குறைந்தது மூன்று வேறு வேறு செடிகள் உலவுகின்றன. அதில் ஒன்றைத்தான் மருந்தென்று ஜனங்கள் காய்ச்சிக் குடிக்கிறார்கள்.

ஹுன்னஸ்கிரிய சந்தியில் இடப்பக்கம் பிரியும் பாதை லூல்வத்தை, டீன்ஸ்டன், கோர்பெட்ஸ் கேப் வழியாக மீமுறே போகிறது. சந்திக் கடையில் ஒரு பிளேன்டி குடித்துவிட்டு அதில் நடந்தேன். ஓட்டோக்காரர்கள் விடாமல் கூப்பிட்டார்கள். நடக்கிறேன் என்றதும் மரியாதையாகப் பரிதாபப்பட்டார்கள்.

முதல் வளைவு தாண்டி, தேயிலை மலைக்கும் வீதிக்கும் நடுவே, அறுபது தாண்டிய அம்மா ஒருவர் சாக்குப்பையோடு புதரிலிருந்து இலை கிள்ளிக்கொண்டிருந்தார். கொழுந்து எடுத்துப் பழகிய கை. பேச்சுக் கொடுத்தாலும் விரல் நிற்கவில்லை.

"என்ன பெரியம்மா, கீரையா?"

"கீரை மாதிரித்தான். கஞ்சிக்கு. ஹீன் போவிட்டியா தம்பி. மத்தது எடுக்கப்படாது."

"மத்தது எது?"

அவர் பதில் சொல்லாமல் பத்தடி தள்ளி நின்ற பெரிய புதர் ஒன்றைத் தாடையால் காட்டினார். அதிலும் ஊதாப்பூதான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. பக்கத்தில் போய் ஒரு பூவை நிமிர்த்திப் பார்த்தால்தான் சங்கதி விளங்கும்.

ஹீன் போவிட்டியாவில் இதழ் நான்கு. உள்ளே மஞ்சள் கேசரங்கள் எட்டு. எட்டும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒஸ்பெக்கியாவில் ஐந்து இதழும் பத்துக் கேசரமும் உள்ள வகைகளும் உண்டு. அவற்றிலும் கேசரங்கள் சமமாகவே இருக்கும். அவர் தாடையால் காட்டிய மற்றது மஹ போவிட்டியா, அதாவது மெலஸ்டோமா. அதில் இதழ் ஐந்து, கேசரம் பத்து, ஆனால் பத்தும் இரண்டு சாதி. ஐந்து நீளமாக, ஊதாவாக, அரிவாள்போல் வளைந்து வெளியே நீட்டும். மற்ற ஐந்து குட்டையாக, மஞ்சளாக நடுவில் நிற்கும். ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு கண் தப்பாது. பூ இல்லாத நாளில் காயைப் பார்க்கலாம். மெலஸ்டோமாவின் காய் முற்றி வெடிக்கும்போது உள்ளே கருநீலச் சதை. பிள்ளைகள் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். ஒஸ்பெக்கியாவின் காய் கழுத்துக் குறுகிய சின்னக் குடம். உலர்ந்து, வாய்ப்பக்கம் துளை திறந்து, தூசியளவு விதைகளை உதிர்க்கும். அதில் தின்ன ஒன்றுமில்லை.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, கட்டகலு போவிட்டியா. இது இங்குள்ளதல்ல, வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்து ஈரக் காடுகளின் ஓரமெல்லாம் ஏறிவிட்ட க்ளிடீமியா. பூ வெள்ளை. தண்டு முழுவதும் முரட்டு மயிர். காய் கருநீலச் சதைக்கனி. பூ இருந்தால் யாரும் குழம்ப மாட்டார்கள். இலை மட்டும் கிள்ளுகிற நேரத்தில்தான் சிக்கல். காரணம், மூன்றின் இலையும் ஒரே பாணி. அடியிலிருந்து நுனிவரை மூன்றோ ஐந்தோ நரம்புகள் வில்லாக வளைந்து ஓடும். அவற்றுக்கு நடுவே ஏணிப்படிபோல் குறுக்கு நரம்புகள். இது போவிட்டியாக் குடும்பத்தின் கையெழுத்து. கறுவா இலையிலும் மூன்று நரம்பு உண்டு. ஆனால் அது வழவழப்பு, கசக்கினால் மணக்கும். போவிட்டியாவைத் தடவினால் பூனை நாக்கு.

இந்தக் கையெழுத்தைப் போடாத உறவொன்றும் குடும்பத்தில் உண்டு. தமிழர்களுக்கு நன்கு தெரிந்த காயா. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தக் காயா. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் அதற்கும் இடமுண்டு. அதன் இலையில் வளைந்தோடும் நரம்புகள் வெளியே தெரியாது. பூ கொத்தாகக் கிளையில் ஒட்டிக்கொண்டு நீலமாக வரும். நாலு இதழ், எட்டுக் கேசரம் என்ற கணக்கு மட்டும் மாறாது. பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வரைக்கும் இந்த இரண்டும் பங்காளிகள் என்று நம்பக் கஷ்டம்.

பெரியம்மா இதில் எதையும் எண்ணுவதில்லை. "இலை சின்னது, தண்டு சன்னம், மெல்லிசா முள்ளு மாதிரி மயிரு" என்பதோடு முடிந்தது. தவறிப்போய் மற்றதைக் கிள்ளியதே இல்லையாம். நம்புகிறேன். ஆயுள் முழுக்க இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளிய கைக்கு எட்டுக் கேசரம் தேவையில்லை. எண்ணவேண்டியது எங்களைப் போன்ற பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்.

பேச்சு வளர்ந்தபோது அவருடைய அக்கா கோத்தகிரியில் இருப்பதாகச் சொன்னார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிய குடும்பங்களில் ஒன்று. போனவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. டான்டீ என்பது அதுதான். அங்கேயும் இதே சாயலில் ஊதாப்பூ மலையோரம் பூக்கிறதாம், அக்கா கடிதத்தில் எழுதியிருந்தாராம். எழுதியது சரிதான். நீலகிரிச் சோலை விளிம்பிலும் புல்வெளியிலும் ஒஸ்பெக்கியாக்கள் நிறைய. இனம் மட்டும் வேறு. ஹீன் போவிட்டியாவான ஒஸ்பெக்கியா ஒக்டாண்ட்ரா இலங்கைக்கு மட்டும் உரியது. "அங்க அத யாரும் குடிக்கிறதில்லையாம்" என்று பெரியம்மா சேர்த்துக்கொண்டார், கொஞ்சம் குறையாக.

ஐரோப்பிய ஏட்டில் இந்தச் செடி ஏறியதும் ஒரு மருத்துவர் வழியாகத்தான். ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1672 முதல் 1677 வரை இலங்கையிலிருந்த போல் ஹெர்மன், கண்ட செடியையெல்லாம் தாளில் ஒட்டி எடுத்துப் போனார். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து அந்தத் தொகுப்பு லின்னேயஸ் கையில் கிடைத்தது. இலங்கைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத லின்னேயஸ், அந்தக் காய்ந்த தாள்களைக் கொண்டு 1747இல் 'ஃப்ளோரா சைலானிகா' எழுதினார். 1753இல் சீனம் போய்வந்த தன் மாணவர் பேர் ஒஸ்பெக்கின் பெயரை ஒரு பேரினத்துக்கு வைத்தார். வேடிக்கை என்னவென்றால், நம்முடைய எட்டுக் கேசரச் செடியை அவரே அந்தப் பேரினத்தில் சேர்க்கவில்லை, மெலஸ்டோமாவோடு போட்டுவிட்டார். 1828இல் தெ கந்தோல் என்பவர்தான் பிரித்து ஒஸ்பெக்கியாவுக்கு மாற்றினார். வீதியோரத்துப் பெரியம்மா தாடையை அசைத்துப் பிரித்துக் காட்டியதற்கு ஐரோப்பாவில் முக்கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

வெயில் ஏறியபோது கருவண்டுகள் வந்தன. பெரிய, கறுத்த, மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுகிற வண்டு. நின்று கவனிக்க வேண்டிய காட்சி இது. போவிட்டியாப் பூவில் தேன் கிடையாது. கொடுப்பதற்கு இருப்பது மகரந்தம் மட்டும். அதையும் சும்மா கொடுக்காது. மகரந்தக்கூடு நீளமான குழல், நுனியில் ஊசிமுனைத் துளை. வண்டு வந்து கேசரங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. இறக்கை அசையவில்லை; ஆனால் பறக்கும் தசை மட்டும் துடிக்கிறது. பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று ஒரு கட்டை ஏறிக் கூர்மையாகிறது. அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் புகையாகப் பீச்சி வண்டின் வயிற்றில் படிகிறது. பிறகு அடுத்த பூ, மறுபடி அதே சுருதி. தேனீ இந்த வித்தையைச் செய்யாது. வந்தாலும் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும். இசைக்கவையைத் தட்டி அதிரவிட்டுக் கேசரத்தில் தொட்டாலும் மகரந்தம் கொட்டும் என்பது பள்ளிக்கூடத்தில் செய்து காட்டத் தக்க பரிசோதனை. தக்காளிப்பூவும் இதே சாதிதான்.

லூல்வத்தையிலிருந்து ஓட்டோவில் ஏறி டீன்ஸ்டன் போனேன். வன இலாகாவின் நிலையம் அங்கே இருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு தொத்தலுகல நடைபாதையில் போகலாம். இந்தத் தும்பறை மலைகளை 2000இல் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவித்தார்கள். 2010இல் சிவனொளிபாதமலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் சேர்த்து 'இலங்கையின் மத்திய மலைநாடு' என்று உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றினார்கள். மலைத்தொடரின் உச்சி கொம்பனிய, 1906 மீற்றர். ஆங்கிலேய நில அளவையாளர்களுக்கு மடக்கிய கை முட்டிபோல் தெரிந்ததால் நக்கிள்ஸ். இரண்டு பருவக்காற்றும் இங்கே மழை கொட்டும். எனவே அட்டையும் இரண்டு பருவமும் உண்டு. காலில் சித்தாலேப பூசிக்கொண்டால் சற்று நேரம் ஒதுங்கும். மழை வந்தால் அதுவும் கழுவிப்போய்விடும்.

நடைபாதையில் உள்ளே போகப் போக எனக்குத் தெளிவானது ஒன்று. போவிட்டியா குறைந்துகொண்டே வந்தது. மரநிழல் மூடிய இடத்தில் அது இல்லவே இல்லை. முன்பு காட்டுக்கடியில் ஏலம் பயிரிட்ட இடங்கள், பழைய ஏலச் சூளைகளின் இடிந்த சுவர்கள், பாதை வெட்டிய விளிம்புகள், இங்கெல்லாம் மறுபடி தலைகாட்டியது. உச்சியை நெருங்கிக் காற்று மரங்களைக் குட்டையாக்கிய திறந்த வெளியிலும் அதன் உறவுகள் நின்றன. மொத்தத்தில், காட்டைக் கீறிய இடத்துக்கு வருகிற செடி. புளித்த மண், அலசிப்போன மண், மற்றது வேர்விடத் தயங்குகிற மண், அதுதான் அதற்குப் பிடிக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் கரைந்து வரும் அலுமினியம் பெரும்பாலான பயிர்களின் வேரைக் கருக்கிவிடும். மெலஸ்டோமா அதை உறிஞ்சி இலையில் அடைத்து வைத்துக்கொண்டு செழிக்கிறது. தேயிலையும் அதே சாமர்த்தியம் உள்ளதுதான். கைவிட்ட தேயிலை மலைகளில் கெக்கில்லவும் போவிட்டியாவும் முதல் ஆளாக வருவது இதனால்தான்.

ஆகவே மருந்துக்கென்று பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் நுழைந்து இலை பறிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. சட்டமும் விடாது. செடியே வெளியே வந்து நிற்கிறது. பெரியம்மா பறிப்பதும் வீதியோரத்தில்தான். அதிலும் மேல்பக்கச் சரிவில் மட்டும். கீழ்ப்பக்கத்தில் டயர் வாரியடிக்கும் புழுதி என்றார். தேயிலைக்கு மருந்தடித்த கிழமையில் வரப்போரமும் போகமாட்டாராம். களைநாசினி என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. "தண்ணியடிச்ச கிழம" என்றார், எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

பயன்படுத்தும் முறை இரண்டு. பச்சை இலையைக் கழுவி, அரைத்துச் சாறெடுத்து, சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலோடு கடைசியாக ஊற்றி ஒரு கொதியில் இறக்கினால் கொலகெந்த என்கிற இலைக்கஞ்சி. காலையில் வெறும் வயிற்றில், ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு. மற்றது நிழலில் உலர்த்திய இலையைத் தேயிலைபோல் காய்ச்சுவது. நிறம் வெளிர்ச் செம்மை, சுவை துவர்ப்பு, அடியில் லேசான புளிப்பு. அதிகம் கொதித்தால் நாக்கு வறண்டுபோகிற துவர்ப்பாகிவிடும். கண்டிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் ஆவாரம்பூ, வில்வம்பூ, நன்னாரி, தேங்காய்ப்பூக்கீரை இவற்றோடு ஒரே வரிசையில் இதற்கும் பொட்டலம் உண்டு.

குடிப்பது ஈரலுக்கு. செங்கமாரி என்றால் சிங்கள வைத்தியத்தில் முதலில் நினைவுக்கு வருகிற இலைகளில் இது ஒன்று. நவீன ஆய்வும் இதை ஒதுக்கிவிடவில்லை. ஐரா தப்ரூவும் சக ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட கட்டுரையில், இரசாயனத்தால் ஈரல் பழுதான எலிகளுக்கு ஹீன் போவிட்டியாவும் முசுமுசுக்கையும் பாதுகாப்பளித்ததைக் காட்டினார்கள். நம் வீட்டு வேலியில் படர்ந்து, சளிக்கு அடை சுடுகிற அதே முசுமுசுக்கை. 1995இல் பரசிற்றமோல் அளவு மீறியதால் வரும் ஈரல் பாதிப்பையும் இது குறைப்பதாக லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதினார்கள். இவை ஆய்வுக்கூட விலங்குகளிலும் ஈரற்கலங்களிலும் கண்டவை. அளந்த சாற்றை, தெரிந்த பாதிப்புக்கு, குறித்த நேரத்தில் கொடுத்த முடிவுகள். பொட்டலத்தில் "ஈரலைச் சுத்தப்படுத்தும்" என்று அச்சடிப்பதற்கு அது போதும் என்று வியாபாரி நினைக்கலாம்; நான் நினைக்கவில்லை.

கண் மஞ்சளித்தால் அது நோயின் அடையாளம். எந்த நோய் என்பது வேறு கேள்வி. பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், ஹெப்படைட்டிஸாக இருக்கலாம். வயல் வேலை செய்கிறவருக்கு எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்குக் கஷாயம் வைத்துக்கொண்டு நாளைத் தள்ளினால் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். பெரியம்மாவிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். அவரே சொன்னார்: "எம் மகனுக்கு மஞ்சள் வந்தப்ப ஆஸ்பத்திரிலதான் வச்சிருந்தோம். வீட்டுக்கு வந்த பொறகுதான் கஞ்சி." ஆரோக்கியமானவர்கள் வாரத்தில் ஓரிரு நாள் கீரைக்கஞ்சியாகக் குடிப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. சிறுநீரக நோயாளியும், கர்ப்பிணியும், தினமும் மாத்திரை விழுங்குகிறவரும் டொக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

மாலையில் கண்டிக்குத் திரும்பி, ஒரு மருந்துக் கடையில் போவிட்டியா கேட்டேன். மூன்று விதம் எடுத்து வைத்தார்கள்: தேநீர்ப் பை, பொடி, கயிறு கட்டிய காய்ந்த இலை. ஹீனா மஹவா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "ரெண்டும் ஈரலுக்குத்தான் மாத்தயா" என்றார். பொடியையும் பையையும் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொள்ள வழியில்லை. கட்டை அவிழ்க்கச் சொல்லி ஓர் இலையை விரித்துப் பார்த்தேன். மூன்று நரம்பு, சன்னத் தண்டு. நல்ல வேளையாக அடியில் உலர்ந்த குடக்காய் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சதைக்கனியின் அடையாளம் எங்கும் இல்லை. அந்தக் கட்டை எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே, அடுத்த முறை வந்தால் பூவோடு கட்டிய கட்டு எடுத்து வைப்பதாகச் சொன்னார். இதழ் உதிர்ந்தாலும் காய் நிற்கும், அதுதான் தனக்கும் அடையாளம் என்றார்.